வாசகர் கேள்வி–பதில்: திருமணப் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் மகளின் திருமணத்தை இரண்டு புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். அவர்கள் கொடுத்த ஏறத்தாழ 4,000 படங்களையும், உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில நூறு படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். இப்போது நிகழ்ச்சிகளின் வரிசை குழம்பிக் கிடக்கிறது. எப்படிச் சீராக்குவது?

பதில்: முதலில், அவர்கள் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, மூலத்தை எடுத்து வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகலில்தான். ஒரே ஃபோல்டரில் கொட்டியதில் வரிசை குழம்பியதோடு வேறோர் ஆபத்தும் உண்டு. கேமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண் கொடுக்கின்றன. 9999 வந்ததும் மீண்டும் 0001 என்று தொடங்கிவிடும். ஆகவே இரண்டு கேமராக்களிலும் ஒரே பெயருள்ள படங்கள் இருப்பது இயல்பே. நகலெடுக்கும்போது கணினி ‘மாற்றி எழுதலாமா’ என்று கேட்டு, நீங்களும் சரி என்று சொல்லியிருந்தால், சில படங்கள் சத்தமில்லாமல் அழிந்திருக்கும். அந்தத் தவறை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். எனவே மூலத்திலிருந்து மறுபடியும், கேமராவுக்கு ஒரு ஃபோல்டராக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிகாரம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். அதை வைத்து அடுக்கினால் வரிசை தானாக அமைய வேண்டும். அமையாததற்குக் காரணம், பெரும்பாலும் இரு கேமராக்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகாததுதான். மணமக்கள் மேடையேறும் நொடியைப் போல, இரண்டு பேருமே எடுத்திருக்கக்கூடிய ஒரு கணத்தைத் தேடுங்கள். ஒன்றில் 10.42 என்றும் மற்றொன்றில் 10.49 என்றும் இருந்தால் வித்தியாசம் 7 நிமிடம். இரண்டாம் கேமராவின் படங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் 7 நிமிடம் பின்னுக்குத் தள்ளும் வசதி, இலவச மென்பொருளான டிஜிகாமிலும் கட்டண மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கிலும் இருக்கிறது. அதன்பின் 20250214_104230_A என்பதுபோல நாள், நேரம், கேமரா என்ற வரிசையில் மொத்தமாகப் பெயர் மாற்றிவிட்டால், எந்தக் கணினியில் திறந்தாலும் வரிசை கலையாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படங்களில் நேரப் பதிவு நீங்கிவிடுவதோடு அளவும் சுருங்கிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். உறவினர்களின் கைப்பேசியில் மூலப்படம் இன்னும் இருந்தால், அதை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கழிப்பதை இரண்டு சுற்றாகச் செய்வது நல்லது. முதல் சுற்றில் கண் மூடியவை, முழுவதும் மங்கியவை, தரையை எடுத்தவை ஆகியவற்றை மட்டும் ஒதுக்குங்கள். சில நாள் விட்டு, தொடர்ச்சியாக எடுத்த எட்டுப் படங்களில் எது வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். வயதான உறவினர் ஒருவர் தெரியும் ஒரே படம் சற்று மங்கலாக இருந்தாலும் அதைக் கழிக்காதீர்கள். அந்த இடத்தில் கூர்மையை அளவுகோலாகக் கொள்வது சரியாகாது.

கேள்வி: வரவேற்புப் படங்களில் எல்லோருடைய முகமும் மஞ்சளாக இருக்கிறது. வீட்டிலேயே திருத்த முடியுமா?

பதில்: முடியும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5,500 கெல்வின். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் 3,000-ஐ ஒட்டியது. கேமரா இதைத் தவறாகக் கணித்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். மென்பொருளில் ‘ஒயிட் பேலன்ஸ்’ பகுதியிலுள்ள சொட்டுக்குழாய்க் குறியை எடுத்து, படத்தில் உண்மையிலேயே வெள்ளையோ சாம்பலோ ஆன ஓரிடத்தில், உதாரணமாக ஒருவரது சட்டைக் காலரின் நிழல்பட்ட மடிப்பில், சொடுக்குங்கள். ஃபிளாஷ் பட்டு வெளுத்த இடம் உதவாது. அங்கே நிறத் தகவலே மிஞ்சியிருக்காது. சந்தன நிற உடையை வெள்ளை என்று நினைத்துச் சொடுக்கினால் முகங்கள் நீலம் பாய்ந்துவிடும். ஒரு படம் சரியானதும், அதே இடத்தில் அதே விளக்கொளியில் எடுத்தவை அனைத்துக்கும் அந்தத் திருத்தத்தை ஒட்டிவிடலாம். ஒரு கன்னத்தில் சன்னல் வெளிச்சமும் மறு கன்னத்தில் விளக்கொளியும் விழுந்த படங்களோடு அதிகம் போராட வேண்டாம். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே என் வழக்கம்.

புகைப்படக்காரரிடம் ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் பதிவு செய்த மூலக் கோப்புகள்) கிடைக்குமானால் கேட்டு வாங்குங்கள். வழக்கமான ஜேபெக் (.jpg) படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான்; 14 பிட் ரா கோப்பில் 16,384. மஞ்சளை நீக்கும்போது தோலின் நிறம் திட்டுத்திட்டாகாமல் இருப்பது இதனால்தான். டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். ஜேபெக் மட்டுமே இருந்தால், திருத்தித் திருத்தி அதே கோப்பின் மேல் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். முகத்தை மழமழப்பாக்கும் கருவியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆல்பத்துக்கு எந்த அளவில் கொடுப்பது? திரையில் நன்றாக இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டது.

பதில்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிடுங்கள். 12×18 அங்குலப் பக்கத்துக்கு 3,600×5,400 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் படம் தாராளமாகப் போதும், ஆனால் பாதியை வெட்டி எடுத்திருந்தால் போதாது. நீளப் பக்கம் 1,600 பிக்சலே உள்ள படம், இதே கணக்கில், 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அச்சு இருண்டதற்குக் காரணம், அநேகமாகத் திரையின் பிரகாசத்தை முழுதும் ஏற்றி வைத்துக்கொண்டு திருத்தியதாக இருக்கும். அதைக் குறைத்துக்கொண்டு, எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான வண்ண அமைப்பில் சேமித்து, இரண்டு மூன்று படங்களை மட்டும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிட்டேன். டிஸ்க்கை அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இடம் சேமிக்கும் தேர்வில் ஏற்றியிருந்தால், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்பட்டிருக்கும். அசல் தரத்தில் ஏற்றியிருந்தாலும், கைப்பேசியில் தவறுதலாக நீக்கிய படம் அங்கேயும் நீங்கிவிடக்கூடும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு வீட்டில் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துகிறவர்கள் அதன் கேட்டலாக் கோப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். நீங்கள் செய்த திருத்தங்கள் படத்தில் அல்ல, அந்தக் கோப்பில்தான் பதிவாகியிருக்கின்றன.