காத்மாண்டுவின் குளிர்காலக் காற்று: கேள்வி பதில்

பதினொரு குளிர்காலங்கள் காத்மாண்டுவில் காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்தவன் நான். காத்மாண்டு வழியாக முக்திநாத் யாத்திரைக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்தே அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன.

திருச்சி வாசகர்: மலை ஊர் என்றால் காற்று சுத்தமாக இருக்க வேண்டாமா?

மலைமேல் இருக்கும் ஊருக்கு அது பொருந்தும். காத்மாண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். தரை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். வடக்கே சிவபுரி 2,732 மீட்டர். தை மாத இரவில் மேகம் இருக்காது. தரை சூட்டை இழந்து சில்லிட்டுப்போகும். சரிவுகளில் குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போல வழிந்து அடியில் தேங்கும். கனமான குளிர்காற்று கீழே, வெதுவெதுப்பான காற்று அதன்மேல். கீழே உள்ளது மேலே எழ வழியே இல்லை. வண்டிப் புகை, குப்பை எரிக்கும் புகை, பக்தபூர், லலித்பூர் பக்கத்துச் செங்கல் சூளைப் புகை எல்லாம் மக்கள் மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் இது கலையும். பிற்பகலில் மேற்குக் கணவாய்கள் வழியே வரும் காற்று ஊரைத் துடைத்துவிடும். மாலையில் மறுபடி தேங்கத் தொடங்கும்.

ஆகவே முதல் எச்சரிக்கை: குளிர்காலத்தில் அங்கே காலை நடை வேண்டாம்.

மதுரை வாசகர்: எந்த மாதம் போகலாம்?

ஐப்பசி நல்லது, மழை கழுவிய வானம். மார்கழி முதல் மாசி வரை தேங்கிய புகை. பங்குனி, சித்திரையில் காட்டுத்தீ. 2021 மார்ச் இறுதியில் புகை தாங்காமல் நேபாளம் முழுவதும் நான்கு நாள் பள்ளிகளை மூடினார்கள்.

சென்னை வாசகர்: காற்றின் தரம் காட்டும் செயலியில் 150 என்று காட்டுகிறது. அத்தனை மைக்ரோகிராமா?

இல்லை. அது காற்றுத் தரக் குறியீட்டு எண். அமெரிக்கக் குறியீட்டில் 150 என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 55 மைக்ரோகிராம் நுண்துகள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம். இரண்டு எண்களையும் கலக்காதீர்கள்.

சேலம் வாசகர்: துணி முகக்கவசம் போதுமா?

போதாது. என்95 வேண்டும், முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

கோவை வாசகர்: ஊட்டியிலும் காலையில் இப்படித்தான் வெளுத்திருக்கும். பனிமூட்டத்தைப் புகை என்று பயமுறுத்துகிறீர்களே?

பனிமூட்டம் நீர்த்துளி. வெயில் பட்டால் ஆவியாகும். காத்மாண்டுவில் பத்து மணிக்கு வெண்மை விலகிய பிறகும் பழுப்பு நிறம் நிற்கிறதே, அது என்ன? நீர் படிவதற்கு வித்தாக இருப்பதே பல சமயம் இந்தத் துகள்தான். இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஆனால் நுரையீரலில் தங்குவது நீர் அல்ல.

அதே வாசகர்: அங்கே காலங்காலமாக விறகு எரிக்கிறார்கள். அப்போதெல்லாம் யாரும் புகார் சொல்லவில்லையே?

சொல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அடுப்பங்கரையில் இருமிய பெண்களை யார் கேட்டார்கள்? நீங்கள் மூன்று நாளில் ஊர் திரும்புவீர்கள். சூளையில் கல் சுமப்பவரும் நாற்சந்தியில் நிற்கும் காவலரும் பருவம் முழுவதும் அதையே சுவாசிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அவர்களுக்காக. மாற்ற முடியாததும் அல்ல. 1999இல் விக்ரம் டெம்போ என்னும் மூன்று சக்கர டீசல் வண்டிகளைக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து நீக்கினார்கள். மின்சார சஃபா டெம்போக்கள் ஓடின. 2015 நிலநடுக்கத்தில் இடிந்த சூளைகள் பலவற்றைப் புகை குறைவான முறையில் திரும்பக் கட்டினார்கள்.

தஞ்சை வாசகர் (குறுக்கிட்டு): எல்லாம் இந்தியச் சமவெளியிலிருந்து வருவதுதானே?

ஒரு பங்கு வருகிறது, குறிப்பாக மழைக்கு முந்தைய மாதங்களில். எவரெஸ்ட் அருகே 5,079 மீட்டர் உயரத்தில் உள்ள ஆய்வு நிலையத்திலேயே அந்தப் புகையின் கரியை அளந்திருக்கிறார்கள். ஆனால் தை மாதக் காலையில் தேங்குவதில் பெரும்பகுதி பள்ளத்தாக்கின் சொந்தப் புகை. அண்டை வீட்டைக் கைகாட்டினால் சொந்த அடுப்பு அணையாது.

கோவை வாசகர் மீண்டும்: இருந்தாலும் ஊட்டியில்…

ஊட்டி மலைமேல் இருக்கிறது. முதல் பதிலைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: அறையில் மணி பிளான்ட் வைத்தால்?

பயனில்லை.

நெல்லை வாசகர்: எந்த மாதம் போகலாம்?

மேலே இருக்கிறது. ஐப்பசி.

கடலூர் வாசகர்: அப்பாவுக்கு ஆஸ்துமா. முக்திநாத் போகலாமா?

அதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். புகையைவிட உயரம் பெரிய கவலை. இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

காஞ்சிபுரம் வாசகர்: காலையில் வெளியே போகக் கூடாது என்றால் பசுபதிநாதர் விடியற்காலைத் தரிசனம்?

போய் வாருங்கள். நான் தடுப்பது மூச்சிரைக்க நடப்பதை. என்95 அணிந்து, கோயில் வாசல் வரை வண்டியில் போய், மெதுவாக நடந்து கும்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்புங்கள். குன்றின்மேல் இருக்கும் சுயம்புநாத் கோயிலின் படிகளை மட்டும் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.