பதின்மூன்று வயது மகனும் ஹாலோவீனும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. ஒவ்வோர் ஆண்டும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று இருவருக்கும் வேஷம் போட்டு, மிட்டாய் வாங்க வீடு வீடாகக் கூட்டிப்போவேன். இந்த முறை மகன், “அது சின்னப்பிள்ளையளுக்கு அம்மா, நான் வரேல்ல” என்கிறான். ஆனால் போன வருஷத்து முகமூடியை அறையில் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். “வளந்திட்டான், விடு” என்கிறார் கணவர். நம் பண்டிகையே இல்லாத ஒன்றுக்கு எனக்கு ஏன் இப்படி மனம் கனக்கிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்களுக்குச் சிறுவயதில் ஹாலோவீன் இல்லை. இந்த மகன் பிறந்து, நடந்து, பள்ளிக்குப் போன பிறகுதான் அது உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். அங்கேயே வளர்ந்த பெற்றோருக்கு, பிள்ளை விலகிக்கொண்டாலும் தங்கள் சொந்த நினைவு என்று கொஞ்சம் மிஞ்சும். உங்களுக்கு அந்த நாள் முழுக்க முழுக்க அவனோடு சேர்ந்தது. பாடுபட்டுத் தைத்த வேஷத்தின் மேல் குளிருக்கு ஜாக்கெட் போடச் சொல்லி மல்லுக்கட்டியது, இரவில் மிட்டாயைத் தரையில் கொட்டி அண்ணனும் தங்கையும் பண்டமாற்று செய்தது, ஆரஞ்சுத் தாள் சுற்றிய மொலாசஸ் மிட்டாய் மட்டும் யாரும் தொடாமல் டிசம்பர்வரை கிடந்தது, எல்லாம்தான். மனம் கனக்காமல் எப்படி இருக்கும்?

இனி உங்கள் மகன். அந்த முகமூடி உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. அவனுக்கு ஆசை விட்டுப்போகவில்லை. கதவைத் திறப்பவர் மேலும் கீழும் பார்த்து, “இவ்வளவு வளர்ந்தவனா?” என்று கேட்டுவிடுவாரோ என்பதுதான் அவன் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கனடாவிலேயே, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் பாத்தர்ஸ்ட் நகரில் இதற்கு வயது வரம்பே வைத்திருந்தார்கள். 2017இல்தான் அதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அமெரிக்காவில், வர்ஜீனியாவின் செசபீக் நகரில் 12 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டுப் போனால் சிறை என்றுகூடச் சட்டம் இருந்தது. 2019இல் வரம்பை 14 ஆக்கி, சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஸ்கார்பரோ இருக்கிற டொராண்டோவில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லலாம். இது சின்னப்பிள்ளைகளின் திருநாளாகவே பிறந்தது இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வளர்ந்த பையன்களும் பெண்களும் வேஷம் கட்டிக்கொண்டு, பாட்டோ கவிதையோ சொல்லி ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கிப் போவார்கள். வட அமெரிக்காவுக்கு வந்தபின் அது குறும்பு இரவாக மாறியது. வண்டிச் சக்கரத்தைக் கழற்றி ஒளிப்பது, வேலிக் கதவைத் தூக்கிப்போவது, ஜன்னலில் சோப்பைத் தேய்ப்பது எல்லாம் உங்கள் மகன் வயதுப் பையன்கள் செய்ததுதான். ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’, அதாவது தின்பண்டம் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற பேச்சு அச்சில் வந்த பழைய செய்திகளில் ஒன்று, 1927இல் கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து வந்தது. 1930களில் தொல்லை பெருகவே, பல ஊர்களில் பெரியவர்கள் விருந்தும் தின்பண்டமும் கொடுத்து அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார்கள். போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்த பிறகுதான் வாளி நிறைய மிட்டாய், குட்டிக் குட்டி வேஷம் என்று இப்போது நாம் பார்க்கும் கோலம் பரவியது. ஆக, 13 வயதில் ஹாலோவீனிலிருந்து வெளியேற வேண்டும் என்று யாரும் விதித்துவிடவில்லை. அதில் அவனுக்கு வேறு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தை நீங்கள் கொடுங்கள். “வாறியா?” என்று மறுபடி மறுபடி கேட்டால் “இல்லை” என்றுதான் சொல்வான். “இந்த வருஷம் தங்கச்சியை நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும்” என்று பொறுப்பை அவனிடம் விட்டுப் பாருங்கள். முகமூடி போட அவனுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். தனக்கென்று ஒரு பை எடுத்துப் போனால் கண்டும் காணாமல் இருங்கள். தங்கையோடு வேண்டாம், கூட்டாளிகளோடு போகிறேன் என்றால் அதுவும் சரி. எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பதை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் போகவில்லை என்றால், பூசணிக்காயைக் குடைந்து முகம் செதுக்குகிற வேலையை, கூரான கத்தியோடு, முழுசாக அவனிடம் கொடுத்துவிடுங்கள். வாசலைப் பயமுறுத்துகிற மாதிரி அலங்கரிக்கச் சொன்னால், இந்த வயதுப் பிள்ளைகள் பலர் மணிக்கணக்கில் ஈடுபடுவார்கள். மூன்றுக்கும் மசியவில்லையா, சரி, இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இத்தனை வருஷமும் பிள்ளைகளோடு நடந்ததால் அன்று உங்கள் வீட்டு வாசல் விளக்கு அணைந்தே இருந்திருக்கும். விளக்கு எரியாத வீட்டைப் பிள்ளைகள் தட்டமாட்டார்கள். இந்த முறை அதைப் போட்டுவிட்டு, மிட்டாய்ப் பாத்திரத்தோடு நீங்கள் வாசலில் இருங்கள். மீசை அரும்பிய பையன் யாராவது தயங்கித் தயங்கிப் படியேறினால் வயதைக் கேட்காதீர்கள். வேஷம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அவன் பையிலும் ஒரு கை அள்ளிப் போடுங்கள்.