எல்லோரும் ஆசைப்பட்ட கேரி கிராண்ட்டாக இருப்பது அவருக்கே ஏன் கஷ்டமாக இருந்தது?

எல்லோரும் கேரி கிராண்டாக இருக்க ஆசைப்படுகிறார்கள், எனக்கும் அந்த ஆசைதான் என்று நடிகர் கேரி கிராண்டே சொன்னதாகச் சொல்வார்கள். ஹாலிவுட்டில் அத்தனை உயரத்தில் இருந்த ஒருவர், ஏறக்குறைய நூறு தடவை எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்தை உட்கொண்டு சிகிச்சை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு என்ன குறை என்பதுதான் கேள்வி. புகழின் சுமை தாங்காமல் வந்த குழப்பம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புகழுக்கு வெகு காலம் முன்பே தொடங்கிய விஷயம் இது.

இயற்பெயர் ஆர்ச்சிபால்ட் லீச். 1904-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். அப்பா எலையஸ், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுபவர். அம்மா எல்ஸி, மூத்த பிள்ளையைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவர். அந்தப் பயத்தில் இவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். பத்து வயதை ஒட்டி, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பினால் அம்மா இல்லை. கடற்கரை ஊருக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். உண்மையில் அப்பா அவரைப் பிரிஸ்டலிலேயே மனநோய் மருத்துவமனையில் சேர்த்திருந்தார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்பது மகனுக்குத் தெரியவந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. உலகத்துக்கே தன் முகமும் பெயரும் தெரிந்திருந்தும் பெற்றவளுக்குத் தெரியவில்லையே என்று பின்னாளில் எழுதினார். அம்மாவை வெளியே கொண்டுவந்து, 1973-ல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். ஆனால் காரணம் சொல்லாமல் அம்மா மறைந்தால் குழந்தை மனம் என்ன முடிவுக்கு வரும்? ‘என்னிடம்தான் ஏதோ சரியில்லை.’ அந்த முடிவு அவரை விட்டுப் போகவே இல்லை.

கேரி கிராண்ட் என்ற ஆளை அவர் துண்டு துண்டாகச் சேர்த்து உண்டாக்கினார். உடம்பு, பாப் பெண்டர் குழுவில் கற்ற கழைக்கூத்து வித்தையிலிருந்து வந்தது. அந்தக் குழுவோடுதான் 1920-ல் நியூயார்க் போனார். பேச்சு பிரிஸ்டலும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு தினுசு. ‘கேரி’ அவர் மேடையில் நடித்த ஒரு பாத்திரத்தின் பெயர். ‘கிராண்ட்’, 1931-ல் பாரமவுண்ட் படநிறுவனம் நீட்டிய பட்டியலில் இருந்து எடுத்தது. நல்ல உடுப்பு ஒன்று வாங்கு, மட்டமானது நாலு வேண்டாம் என்பது அப்பாவின் அறிவுரை. அதைக் கடைசிவரை விடவில்லை. மற்றவர்களைப் பார்த்து ஒற்றைப் புருவம் உயர்த்தப் பழகினார். பேன்ட் பாக்கெட்டில் அலட்சியமாகக் கையை விடப் பழகியபோது, பதற்றத்தில் உள்ளங்கை வியர்த்து, விட்ட கை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும் என்று அவரே எழுதியிருக்கிறார். திரையில் நாம் பார்க்கும் அந்தச் சாவகாசத்துக்குப் பின்னால் இருந்தது இந்தக் கை.

இப்படி ஒட்டவைத்த ஆளுமைக்கு எங்கே அடி விழும் என்பது 1937-ல் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படப்பிடிப்பில் தெரிந்தது. இயக்குநர் லியோ மெக்கேரி முழுக்கதை வசனம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அங்கேயே யோசித்து, அங்கேயே பேசவைத்து எடுத்தார். கிராண்ட் மிரண்டுபோய், தன்னைப் படத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி, படத்தை எடுத்த நிறுவனத்தின் தலைவரிடம் போனார். வசனம் இருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்; இல்லையென்றால் யாராகப் பேசுவது? விடுவிக்கவில்லை. அந்தப் படம்தான் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது என்பது வேறு விஷயம்.

பழைய பெயர் மட்டும் அடிக்கடி எட்டிப் பார்க்கும். 1940-ல் வந்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில், கழுத்தை அறுத்துக்கொண்ட ஒருவன் பெயராக ஆர்ச்சி லீச் என்று சொல்வார். 1944-ல் வெளியான ‘ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ படத்தில் ஒரு கல்லறைக் கல்லில் அந்தப் பெயர் இருக்கும். தெரிந்தவர்களுக்கான வேடிக்கை என்பார்கள். தன் பெயரை இரண்டு தடவையும் செத்தவனுக்கே கொடுத்ததை என்னால் வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். மூன்றாவது மனைவி பெட்ஸி டிரேக் முதலில் போனார். அவர் மூலம் 1958 வாக்கில், ஐம்பது தாண்டிய வயதில், கிராண்ட் பெவர்லி ஹில்ஸில் டாக்டர் மார்ட்டிமர் ஹார்ட்மனிடம் போனார். அப்போது எல்.எஸ்.டி. சட்டவிரோதம் இல்லை; சாண்டோஸ் மருந்து நிறுவனம் ஆய்வுக்கென்று கொடுத்துவந்தது. வாரம் ஒரு முறை மருந்து கொடுத்து, கண்ணை மூடிப் படுக்கவைத்து, பல மணி நேரம் மேலெழும் நினைவுகளைப் பேசவைப்பார்கள். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து என்பதால் அளவு கொஞ்சம் பிசகினாலும் விளைவு பெரிது. அம்மா மேல் இருந்த கோபத்தை மனைவிமார் மேல் காட்டியதை இந்த அமர்வுகளில்தான் உணர்ந்ததாகச் சொன்னார்.

ஆனால் ‘மருந்து குணமாக்கியது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்காவது மனைவி டயன் கேனனையும் எல்.எஸ்.டி. எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்; அது தனக்கு நல்லது செய்யவில்லை என்று அவர் 2011-ல் எழுதினார். ஒருவருக்கு ஒத்துப்போனது இன்னொருவரைக் குலைக்கும். இந்த மாதிரி மருந்துகளை வைத்து நடக்கும் இன்றைய ஆய்வுகளில், தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு இருந்தால் பொதுவாகச் சேர்க்கவே மாட்டார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் தனியாகப் பேச்சு அமர்வுகள் உண்டு. இதைப் படித்துவிட்டு இந்தியாவில் யாரும் தேடிப் போக வேண்டாம்: 1985 போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி. 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு கடுங்காவல்.

என் கணிப்பில், மருந்தைவிட அதிகம் உதவியவை இரண்டு. ஒன்று, 1963-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் ஆர்ச்சி லீச்சாகவே தன் வாழ்க்கையைத் தொடராக எழுதியது. மற்றது, 1966-ல் மகள் ஜெனிஃபர் பிறந்ததும் நடிப்பை விட்டது. அப்போது அவருக்கு 62 வயது. திரும்ப வரச்சொல்லிக் கேட்டவர்கள் நிறைய, அவர் போகவில்லை. மகளின் ஒலிப்பதிவுகள், படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் வீட்டில் வங்கிப் பெட்டகம் மாதிரி ஓர் அறை கட்டிச் சேர்த்துவைத்தார்.

மேலும் படிக்க விரும்பினால், வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்னால் அந்த 1963 தொடரைப் படியுங்கள். அம்மா காணாமல் போன வயதை அவர் ஒன்பது என்கிறார், பிறர் கணக்கில் பதினொன்று. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.