காலநிலை மாற்றத்தால் வரும் உடல்நலப் பாதிப்புகளைச் சமாளிப்பதில் மக்களை எப்படி ஈடுபடுத்துவது? விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் யாரும் கேட்பதில்லையே?

கேட்கத்தான் செய்கிறார்கள். சொன்னதைச் செய்ய வழியில்லாமல்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பழக்கமான தூத்துக்குடி உப்பளங்களை வைத்தே சொல்கிறேன்.

வெயில் காலம் வந்தால் அங்கேயும் நோட்டீஸ் வரும்: "நிறையத் தண்ணீர் குடியுங்கள், நண்பகலில் வெளியே போகாதீர்கள்." ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்ததும் உப்பு வாரும் அக்கா ஒருவர் கேட்டார்: "குடிச்சா எங்க தம்பி போறது?" உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திதான், ஒதுங்க ஒரு செடி மறைவு கிடையாது. கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் வேலை முடியும் வரை தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறார்கள். நீர்க்கடுப்பு அவர்களுக்குப் புதிதல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்தபோது, சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இதற்கு நோட்டீஸ் என்ன செய்யும்?

இன்னொரு சிக்கல், வெப்ப அலை என்று அறிவிக்கும் அளவுகோல். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. ஆனால் காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. 35 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். போதாக்குறைக்கு உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். ஆக, டிவியில் எச்சரிக்கை வராத நாளிலும் அளத்தில் தலைசுற்றி உட்காருபவர்கள் உண்டு. எந்த நாள் மோசமான நாள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கப் போனால் முதலில் தெரிவது, அவர்கள் ஏற்கெனவே எவ்வளவு செய்கிறார்கள் என்பது. விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுகிறார்கள், தூக்குவாளியில் நீத்தண்ணி கொண்டுபோகிறார்கள். இவர்களுக்குப் போய் வெயிலைப் பற்றிப் பாடம் எடுப்பது, சரி, விடுங்கள். அவர்கள் கையில் இல்லாதவை கழிப்பறை, நிழல், பக்கத்தில் குடிதண்ணீர், கூலி பிடிக்காத ஓய்வு. நான்கும் முதலாளி கையில் இருப்பவை. அதனால் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், கணக்கப்பிள்ளை நிற்கும் இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் அந்தப் பட்டியலோடு அளக்காரர்களையும் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். சிறு குத்தகைக்காரர்கள் "எனக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். அதுவும் பாதி நிஜம்தான், நாலைந்து அளங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை என்று பேசலாம்.

அகமதாபாத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது, அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அங்கே குடிசைப் பகுதிப் பெண்கள் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, வீட்டுக்குள் சூடு குறைய, கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தது. அதேபோல் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் வெயில் காப்பீடு: வெயில் குறித்த அளவைத் தாண்டினால் உறுப்பினர் கணக்கில் பணம் விழும். 2023இல் தொடங்கிய முதல் வருடம் அந்த அளவை எட்டாததால் யாருக்கும் பணம் வரவில்லை, 2024இல் வந்தது. கூலி போய்விடும் என்ற பயம் குறைந்தால்தான் "வெளியே போகாதே" என்ற அறிவுரைக்கே பொருள் உண்டு.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டியதுதான், ஆனால் அது இறந்த பிறகு. உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன்: அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அளத்து வேலைக்காரர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். பரிசோதனையை அளத்துக்கே கொண்டு வரச் சொல்லுங்கள், கூடவே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மனு எழுதும்போது கையெழுத்து வேலை செய்கிறவர்களுடையதாக இருக்கட்டும், உங்கள் அமைப்பின் லெட்டர்பேட் வேண்டாம்.