எதுவும் நடக்காத வாரத்தில் ஏன் இவ்வளவு களைப்பு?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், மாமனார், நான் என்று வீட்டில் நான்கு பேர். சொல்லிக்கொள்ளும்படி பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. அதனாலேயே இதை எழுதத் தயங்கினேன்.

போன வாரத்தையே சொல்கிறேன். வேலைக்குப் போனேன், வந்தேன், வீட்டைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் தொலைக்காட்சியில் அரசியல் விவாதம் ஓடும். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. யாரும் அணைப்பதும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தவள், மடித்து வைத்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மாமா ஒரு கட்சியைப் பற்றி ஏதோ சொன்னார். "உங்களுக்கு என்ன தாத்தா தெரியும்?" என்றான் மகன். "இந்த வீட்டில் பெரியவங்களுக்கு மரியாதையே கிடையாது" என்றார் அவர். இவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னும் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவரோ, "வீட்டில் அரசியல் பேச வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?" என்று என்னைக் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு தலையணை உறையில் பூவேலை ஆரம்பித்து, பாதி இலையில் ஊசி குத்தியபடி மாதக்கணக்கில் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்தேன். ஒரு நிமிஷம் செய்தி பார்த்துவிடலாம் என்று போனைத் தொட்டேன். நிமிர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்கோ வீடிழந்து நிற்கிற ஒருவரின் படம், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்களின் சண்டை, பிறகு இன்னொரு படம். தூக்கமும் தள்ளிப்போனது. திங்கட்கிழமை காலையில் அடித்துப்போட்ட மாதிரி எழுந்தேன்.

பார்க்காமல் இருந்துவிடலாம் என்றால் மனசு கேட்கவில்லை. நாடு கிடக்கிற கிடையில் எனக்கென்ன பூ தைக்கிற சுகம் என்று தோன்றுகிறது. எனக்கு என்னதான் ஆயிற்று?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, பூ தைக்கிற சுகம் எனக்கெதற்கு என்று, அங்கேதான் இந்தக் களைப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. செய்தி பார்ப்பதை ஒரு கடமையாக ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். வீடிழந்தவரின் படத்திலிருந்து கண்ணை எடுத்தால் அவரையே கைவிட்டதுபோல உறுத்துகிறது. அந்த உறுத்தல் நல்ல மனசுக்கு வருவது. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொழுது சாயும்வரை பார்த்ததில் அவருக்கு ஒரு கூரையும் வந்துவிடவில்லை, உங்களுக்கு ஓய்வும் கிடைக்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பாரம் என்று நாம் உணர்வதில்லை. 2013-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதன்பின் ஆலிசன் ஹோல்மனும் சக ஆய்வாளர்களும் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்தார்கள். சம்பவம் நடந்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதைப் பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, நேரில் இருந்தவர்களைவிடவும் அதிக மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஏற்கெனவே கலங்கியவர்கள்தானே கூடுதலாகப் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பார்ப்பது கலக்கத்தையும் கலக்கம் மேலும் பார்ப்பதையும் வளர்க்கிறது என்று தெரியவந்தது. நீங்கள் சிக்கியிருப்பதும் அந்தச் சுழலில்தான்.

அடுத்து, ஓய்வு. சும்மா இருந்தால் மட்டும் களைப்பு தீராது. வேலைக்குப் பிந்தைய பொழுது மனிதரை எப்படித் தேற்றுகிறது என்று ஆராய்ந்த சபீனா சோனென்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: வேலையின் நினைப்பிலிருந்து மனம் விலக வேண்டும், உடம்பு தளர வேண்டும், ஏதாவது ஒரு திறமை கைகூடி வர வேண்டும், அந்த நேரம் நம் விருப்பப்படி போக வேண்டும். போனோடு போன ஞாயிற்றுக்கிழமை இதில் எதைத்தான் கொடுத்தது? அந்தத் தலையணை உறை நான்கையுமே கொடுக்கும். தைக்க உட்காரும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது. கை தானாகப் போகும்.

செய்திக்கு நாளில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் தாராளம். படுக்கப்போகும் நேரமாக அது இருக்க வேண்டாம். விவாத நிகழ்ச்சியைப் பார்க்க ஆள் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மனசை வாட்டும் செய்தி எதுவோ, அதற்கு உங்களால் ஆன ஒன்றைச் செய்யுங்கள்: நிவாரணத்துக்கு ஒரு தொகை, உங்கள் பகுதிப் பிரதிநிதிக்கு ஒரு மனு. செய்த அன்று அந்தப் படம் உங்களை அவ்வளவாகத் துரத்தாது.

இனி அந்தப் புதன்கிழமை. மகன் எழுந்து போனதை நான் அவமரியாதையாகப் பார்க்கவில்லை. தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆய்வகத்தில் கவனித்த ஜான் காட்மன், கோபத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது உள்ளே போகாது, அது அடங்க 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். தாத்தா பேரனுக்கும் உடம்பு அதே உடம்புதான். அவன் போனதில் தப்பில்லை, திரும்பி வராததுதான் குறை. "கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போகப் பழக்குங்கள். இப்போதைக்கு, தாத்தா முதன்முதலில் ஓட்டுப் போட்டது எப்போது, அன்று யாரை நம்பினார், ஏன் நம்பினார் என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது சரியா தப்பா என்று கேட்டால் எவரும் முறுக்கிக்கொள்வார்கள். எப்படி அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள். அரசியலே பேசக் கூடாது என்கிற உங்கள் கணவரின் வழி எனக்கு உடன்பாடில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்கு முக்கியமானதை மறைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? அதோடு, வீட்டுச் சண்டைக்கெல்லாம் நடுவர் நீங்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். "அவங்க ரெண்டு பேர்கிட்டேயும் நீங்களே பேசுங்க" என்று சண்டை இல்லாத ஒரு நாளில் நிதானமாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிச் சில வாரம் இருந்து பாருங்கள். அப்போதும் தூக்கம் சரியாகவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். மருத்துவரிடமும் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் எல்லாமே இதே மாதிரிக் களைப்பைத் தரும்.