வேலை இல்லாத பகுதியை விட்டு ஆட்கள்தான் கிளம்ப வேண்டுமா?

கேள்வி: சில பகுதிகளில் மட்டும் வேலையின்மை அதிகமாக இருக்கிறது. அங்கிருப்பவர்கள் வேலை உள்ள இடத்துக்குப் போய்விடலாமே, அரசு ஏன் தலையிட வேண்டும்?

நானும் பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்தவன். இதே யோசனையை எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. கிளம்புவதற்குக் கையில் பணம் வேண்டும், தங்க இடம் வேண்டும், வீட்டில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவை அமைந்தவர்கள், பெரும்பாலும் இளையவர்கள், முதலில் போய்விடுகிறார்கள். அப்புறம் கடைகளில் வியாபாரம் படுக்கிறது, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு வேலைகளும் போகின்றன.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற ஊர். உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அங்கிருந்த துணி ஆலை மூடப்பட்டது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த மக்களிடையே ஆய்வு நடத்தி 1933-இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் நாள் முழுக்க நேரம் இருந்தது, நூலகக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. தெருவைக் கடக்கும் ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என் ஏழாவது மாதத்தில் நானும் அப்படித்தான் நடந்தேன்.

சரி, அரசு என்ன செய்யலாம்? வழக்கமாகச் செய்வது, பெரிய நிறுவனத்துக்கு வரிச்சலுகை கொடுத்து வரவழைப்பது. தெற்கு இத்தாலிக்காக 1950-இல் தனி நிதியமே அமைத்தார்கள். சாலை, பாசனத்தில் நல்ல பலன் கிடைத்தது. பின்னர் வந்த எஃகு, பெட்ரோ ரசாயன ஆலைகளில் போட்ட முதலுக்கு ஏற்ற அளவு ஆட்கள் தேவைப்படவில்லை, சுற்றிச் சிறுதொழிலும் பெரிதாக வளரவில்லை. 'பாலைவனத்துப் பேராலயங்கள்' என்றே இத்தாலியர்கள் அவற்றைச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வேறு வேலை கிடைக்காத இடத்தில் தொழிலாளியால் பேரம் பேச முடியாது. 'இஷ்டமிருந்தால் இரு' என்பதுதான் பதில். ஆகவே சலுகை தரும்போதே நிபந்தனையும் வேண்டும்: இத்தனை நிரந்தர வேலை, இவ்வளவு ஊதியம், பாதியில் மூடிவிட்டுப் போனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மூன்று மாத ஒப்பந்த வேலைகளை எண்ணிக்கையில் சேர்த்து 'வேலைவாய்ப்பு பெருகிவிட்டது' என்று அறிவிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தரும் சோதனை, மரியன்தால் அடங்கிய கிராமாட்நோய்சீடல் என்ற ஊராட்சியில் 2020-இல் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத ஒவ்வொருவருக்கும், விரும்பினால், முறையான ஊதியத்தில் வேலை தருவதாக உறுதியளித்தார்கள். நீண்டகால வேலையின்மை அங்கே பெருமளவு மறைந்தது, பங்கேற்றவர்களின் மனநலமும் மேம்பட்டது. பிரான்ஸ் 2016-இல் சட்டம் இயற்றி முதலில் 10 பகுதிகளில் இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கியது. நிரந்தர ஒப்பந்தம், குறைந்தபட்ச ஊதியம், எத்தனை மணி நேரம் என்பதைத் தொழிலாளியே முடிவுசெய்யலாம். சொன்ன அளவுக்கு அரசுக்குச் செலவு மிச்சமாகவில்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. அது உண்மைதான். ஆனால் செலவாகும் என்பதற்காக அதைக் கைவிடக் கூடாது என்பது என் கருத்து.

இதையெல்லாம் ஆலை மூடிய பிறகு யோசிப்பது தாமதம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுவந்தபோதே, 1965-இல் போஹும் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018-இல்தான் மூடியது. அவ்வளவு அவகாசம் இருந்தும் அங்கே வேலையின்மை இன்னும் நாட்டின் சராசரியைவிட அதிகம். அவகாசமே தராமல், வேலைநீக்கக் கடிதத்தோடு ஆட்களை வெளியே அனுப்பும் இடங்களில் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.