மலை இறங்கினால் நகம் கறுக்கிறது, எந்த ஷூ வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 48. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வங்கியில் வேலை. கடந்த நவம்பரில் மகனோடு குமார பர்வதம் ஏறி வந்தேன். இறங்கும்போதே கால் கட்டைவிரல்கள் இரண்டும் வலித்தன, மறுநாள் நகங்கள் கறுத்துவிட்டன. இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் சுருக்கென்று வலி. கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடுகிறது. ஆகஸ்டில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் என்ற மலைநடைப் பயணம் போக முன்பணம் கட்டியாயிற்று. கடைக்காரர் கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸைக் காட்டி, "பத்து வருஷம் உழைக்கும், காலும் பிசகாது" என்கிறார். மகன், லேசான ட்ரெயில் ஷூ போதும் என்கிறான். எனக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3. எதை வாங்கட்டும் டாக்டர்?

மருத்துவர் பதில்: ஆகஸ்ட் பயணத்தை ரத்து செய்ய வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் ஷூவைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்துவிடுவோம்.

குமார பர்வதம் 1,712 மீட்டர். சுப்ரமண்யா ஊர் அடிவாரத்தில், மிகத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. ஆக, 1,500 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறீர்கள். இறங்கும் ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, கட்டைவிரல் நகம் முன்பக்கத்தில் போய் இடிக்கிறது. ஆயிரக்கணக்கான அடிகளில் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஷூவின் நீளம் போதாது, லேஸ் தளர்ந்திருந்தது, நகம் வெட்டாமல் இருந்தது, இந்த மூன்றில் ஒன்றாவது காரணமாக இருக்கும். பெரும்பாலும் மூன்றுமே இருக்கும். கறுப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். கால் கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடம், சில சமயம் ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை நகத்தைப் பிடுங்க வேண்டாம். கறுப்பு நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவினாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அது ரத்தக்கட்டு அல்லாத வேறு ஒன்றாக இருக்கலாம்.

குதிகால் விஷயம் வேறு. காலை முதல் அடியில் வலித்து, நடக்க நடக்கக் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த சவ்வு நொந்துபோயிருப்பதன் அடையாளம். நம்மூர் அடுக்குமாடி வீடுகளில் தரை முழுக்க கிரானைட் அல்லது டைல்ஸ். நாள் முழுக்க அதில் வெறுங்காலில் நடப்பது இந்த வலியை ஆற விடாது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்பு ஒன்று இன்றே வாங்குங்கள், ட்ரெக்கிங் ஷூ அப்புறம். காலையில் எழுந்திருக்கும் முன் கட்டிலிலேயே உட்கார்ந்து, கால் விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள், பத்து தடவை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி காலையும் மாலையும். விடாமல் செய்தால்தான் பலன்.

சரி, ஷூவுக்கு வருவோம். பத்து வருஷம் உழைக்கும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஷூவின் வெளித்தோல் அத்தனை நாள் வரலாம். உங்கள் குதிகாலைத் தாங்குவது வெளித்தோல் அல்ல, அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் நுரை அடுக்கு. லேசான ஷூக்களில் இது ஈ.வி.ஏ. என்ற நுரை. ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டரில் இது அமுங்கிச் செத்துப்போகும். வெளியே பார்த்தால் ஷூ புதிதுபோலவே இருக்கும், கால்தான் வலிக்கும். கனமான பூட்ஸ்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை வரும். அது அமுங்காமல் நிறைய நாள் உழைக்கும், ஆனால் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். நல்ல பூட்ஸ் என்று பெட்டியில் போட்டுப் பரணில் ஐந்தாறு வருடம் வைத்திருந்து, மலையில் முதல் நாளே சோல் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து விழுந்து தவித்தவர்கள் உண்டு. போடாமல் வைத்திருப்பதாலேயே கெட்டுப்போகும் பொருள் அது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். காஷ்மீர் நடை, சோனாமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடிவது, எழுபது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். பயிற்சிக்கு ஒரு 300 கிலோமீட்டர் வைத்துக்கொண்டாலும், ஒரு நல்ல ஷூ இதைத் தாங்கி, அடுத்த வருடச் சின்னப் பயணங்களுக்கும் மிஞ்சும். அவ்வளவு உழைப்பு போதும்.

கால் பிசகாது என்ற உறுதியையும் அப்படியே நம்ப வேண்டாம். கூடைப்பந்து ஆடுபவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உயரமான ஷூ போட்டவர்களுக்கும் தாழ்வான ஷூ போட்டவர்களுக்கும் கணுக்கால் சுளுக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. மலைப்பாதை ஆடுகளம் அல்ல என்பது உண்மைதான். பனியிலோ, முதுகில் பெரிய சுமையோடோ நடப்பவருக்கும், முன்பே பலமுறை கால் பிசகியவருக்கும் உயரமான பூட்ஸ் உதவும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. காலில் கட்டும் கனம் முதுகில் சுமக்கும் கனத்தைவிட அதிகமாகக் களைக்க வைக்கும், களைத்த கால்தான் தடுக்கி விழும். கணுக்காலுக்குப் பலம் வேண்டுமென்றால் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், இன்று வலது, நாளை இடது. இறங்கும்போது இரண்டு கைகளிலும் ட்ரெக்கிங் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கும் அது நல்லது.

ஆகவே உங்கள் மகன் பக்கம்தான் நான். ஒரே ஒரு திருத்தம்: ஓடுவதற்கென்றே செய்த, துணிபோல மடங்கும் ட்ரெயில் ஷூ உங்கள் குதிகாலுக்கு இப்போது சரிவராது. அந்தப் பாதையில் புல்வெளியும் உண்டு, கால் வைத்தால் ஆடும் பாறைக் குவியல்களும் உண்டு. சோல் கொஞ்சம் விறைப்பாக, குதிப்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்ததாக இருக்கும் ஹைக்கிங் ஷூ வாங்குங்கள். கடையில் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினால் எளிதில் முறுக்கக் கூடாது. குதியின் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. விரல் நுனியில் ரப்பர் காப்பு இருக்கட்டும். அடியில் பற்கள் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சேற்றில் பிடிக்கும்.

கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது போடப்போகும் சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். இது பலர் செய்யாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பயனுள்ள சோதனை. பாதம் பக்கவாட்டில் அட்டையைத் தாண்டி வழிந்தால் அகலம் போதாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். ஆபீஸ் ஷூவைவிட அரை அல்லது ஒரு சைஸ் கூடுவது சகஜம். பெண்கள் மாடலில் முன்பக்கம் இறுக்கினால் ஆண்கள் மாடலைக் கேட்கத் தயங்க வேண்டாம், குதி ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் படியிறங்கிப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இல்லாவிட்டால் மாடிப்படி போதும். விரல் முன்னால் இடித்தால், லேஸின் கடைசி ஓட்டையில் வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்துக் குதியை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். போடப்போட இளகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். தோல் கொஞ்சம் இளகும், நீளம் கூடாது.

வாட்டர்ப்ரூஃப் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். புல் பனிக்கும் சாரலுக்கும் சரி. ஓடையில் கணுக்கால் வரை இறங்கினால் தண்ணீர் மேலாக உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் நாளெல்லாம் தங்கும். ஈரத்தில் ஊறிய தோல்தான் கொப்புளிக்கும். ஆகஸ்டில் அங்கும் மழை வரும் என்பதால், சீக்கிரம் உலரும் வலைத்துணி ஷூவையும் கூடுதலாக இரண்டு ஜோடி கம்பளி அல்லது செயற்கை நூல் சாக்ஸையும் நான் தேர்ந்தெடுப்பேன். பருத்தி சாக்ஸ் வேண்டாம். நனைந்த ஷூவில் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள், தீ மூட்டி அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும். புறப்படும் முன் சோல் ஓரம் முழுக்கத் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் நைலான் நூலால் தைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பசை விட்டாலும் சோல் கழன்று போகாது. வாட்டர்ப்ரூஃப் ஷூவை மட்டும் அப்படித் தைக்க வேண்டாம், தையல் ஓட்டைகளில் தண்ணீர் புகும்.

ஜூன் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். லால்பாக் பாறை மேட்டில் ஏறி இறங்கத் தொடங்கி, குதிகால் அனுமதித்தால் சாவனதுர்கா மலை வரை போகலாம். எங்கே சிவக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவந்த இடத்தில் கொப்புளம் வருவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நகங்களை நேராக வெட்டுங்கள், புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே.

உங்கள் சர்க்கரை எண் 6.3 என்பது நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் நீரிழிவு என்போம். இந்த நிலையிலேயே சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையத் தொடங்கலாம். ஷூ கடிப்பதே தெரியாவிட்டால் புண் பெரிதான பிறகுதான் கண்ணில் படும். புறப்படும் முன் பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்துச் செய்யும் உணர்ச்சிப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சில நிமிடம்தான், வலிக்காது. மலையில் தினமும் மாலை கூடாரத்தில் சாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடையை வெறுங்காலில் கடக்க வேண்டாம், பட்டை வைத்த செருப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

குதிகால் வலி ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ, குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் வலித்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். மருத்துவரிடம் போகும்போது, குமார பர்வதத்துக்குப் போட்டுப் போன அந்தப் பழைய ஷூவையும் எடுத்துப் போங்கள். சோல் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே நீங்கள் பாதத்தை எப்படி ஊன்றுகிறீர்கள் என்பது மருத்துவருக்குப் பாதி தெரிந்துவிடும்.